மயிலாள் பார்த்த திமிங்கலம்

நெருப்பெரிச்சலில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே ஒரு புத்தி சொல்லிவிடுவார்கள். மயிலாளக்கா திட்டினால் வாங்கிக்கொள். எதிர்த்துப் பேசினாலும் பரவாயில்லை. பொய் மட்டும் சொல்லிவிடாதே.

மயிலாளுக்கு நாற்பத்தைந்து வயது. பெருமாநல்லூருக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். இருபது வயதில், குடித்துவிட்டுக் கை நீட்டிய புருஷனை அவன் அம்மாவின் கண்ணெதிரிலேயே விறகுக் கட்டையால் ஒரு போடு போட்டுவிட்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல் ஆறு மைல் நடந்து பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். திரும்பிப் போகச் சொல்லி வந்த சமாதானம் ஒன்றும் அவளிடம் எடுபடவில்லை. தம்பி நல்லானுக்கு அப்போது பத்து வயது. அடுத்த வருஷம் அப்பன் போனதும், அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மண்ணரைக்கு வந்தாள். வரிசையாக எட்டு வீடுகள் ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரு அறை பிடித்தாள். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்து அறையில் தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்கள் பிள்ளை என்று அதே லைனில்தான் இன்னும் இருக்கிறாள்.

அவள் வேலை குற்றம் கண்டுபிடிப்பது. அடியில் விளக்கு எரியும் மேஜையில் பனியனை விரித்துப் போட்டு முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, தையல் என்று கண்ணை ஓட்ட வேண்டும். ஊசி சரியில்லாமல் விழுந்த கோடு, கடுகளவு எண்ணெய்ப் பொட்டு, இழை விட்ட இடம் என எது இருந்தாலும் அந்தப் பீஸ் தனியாகப் போக வேண்டும். மற்றவர்கள் மூன்று முறை பார்த்துப் பிடிப்பதை அவள் ஒரே பார்வையில் பிடிப்பாள். சரக்கு கப்பலுக்குப் போகிற கடைசி நாளில் சூப்பர்வைசர் வந்து கெஞ்சுவார்.

"அக்கா, நேரமாச்சுங்க்கா. கண்டும் காணாம உடுங்க்கா."

"கண்டது எப்படிங்க காணாமப் போகும்?" என்பாள் மயிலாள். அதற்கு மேல் பேசினால் குரல் ஏறும். தையல் மெஷின்களின் இரைச்சலைத் தாண்டிக் கட்டிங் பகுதி வரை கேட்கும் குரல் அது.

அந்தக் குரல்தான் எல்லாவற்றையும் கொண்டுவந்தது என்று தேவிப்பிரியா இன்றைக்கும் சொல்கிறாள். தேவிப்பிரியா நல்லானின் பெண்டாட்டி. அவள் சொல்வதில் பாதி உண்மை.

போன வருஷத்துக்கு முந்தின பொங்கல் லீவில் கம்பெனி ஆட்கள் பதினெட்டுப் பேர் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனார்கள். வழியில் தாங்களே சமைத்துச் சாப்பிடுவதாக ஏற்பாடு. மூன்று கல் வைத்து விறகு மூட்டுவதற்கு மயிலாள் ஒரு மெழுகுக் கட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். அதைக் கொடுத்தவன் நல்லான். அவனும் அந்த வேனில் வந்தான். அதே காம்பவுண்டில் நூல் சுற்றும் மெஷின் ஓட்டினான். நூல் அறுந்துபோகாமல் இருக்க, வட்டமான மெழுகு வில்லை ஒன்றை உரசிக்கொண்டு ஓடும். தேய்ந்த வில்லைகளைத் தூக்கிப் போடுவார்கள். நல்லான் அவற்றைப் பொறுக்கிப் பழைய டின்னில் உருக்கி வைப்பான். பஞ்சும் தூசும் கலந்து, ஒரு தேங்காய் அளவில், சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கும். ஈர விறகையும் பிடிக்க வைக்கும்.

சாமி கும்பிட்ட மறுநாள் காலையில் வேன் டிரைவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் புன்னைமுனை என்ற ஊரில் ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியிருக்கிறதாம். பதினெட்டுப் பேரில் ஒருவர்கூடத் திமிங்கலத்தைப் பார்த்ததில்லை. வேன் தெற்கே திரும்பியது.

கடற்கரையில் தேர்த்திருவிழாக் கூட்டம். ஐஸ் வண்டிகூட வந்திருந்தது. மயிலாள் கூட்டத்தை விலக்கி முன்னால் போய் நின்றாள். அவர்கள் வந்த வேனைப்போல இரண்டை நீளவாக்கில் நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு நீளம். அத்தனை பெரிய உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து மணலில் கிடந்தது. அலை வந்து வாலை மட்டும் தூக்கிப் போட்டது.

அவள் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். பழக்கதோஷம், கண் தானாக ஓடியது. தொண்டையிலிருந்து பாதி வயிறு வரை நீளநீளமாக மடிப்புகள். ஆண்கள் உள்ளே போடும் பனியனில் வரும் ரிப் துணியேதான். வாய் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பல்கூட இல்லை. பல் இருக்க வேண்டிய மேல்தாடையில், தேங்காய் நார் பிரஷ்ஷை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி என்னவோ இருந்தது. தலையின் மேல்பக்கம் மூக்கு நுனியை நோக்கி மூன்று கோடுகள் புடைத்து ஓடின. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. கண் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் சின்னதாக இருந்தது. அது நிறைய மணல். மயிலாள் குனிந்து முந்தானையால் மணலைத் தட்டிவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு கேட்டவர்களிடம், "செத்தவிய கண்ணுல மண்ணு கெடந்தா நீங்க பாத்துட்டு நிப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள்.

சுற்றிலும் நடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. முதுகில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். துடுப்பைத் தூக்கிக் கை குலுக்குவதுபோல நடித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் விலாவின்மேல் ஏறி உட்கார்ந்து, பேனாக்கத்தியால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். கருப்புத் தோலுக்கடியில் வெள்ளைக் கொழுப்பில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

"எறங்குய்யா கீழ!" என்றாள் மயிலாள்.

அவன் சிரித்தான்.

"செத்த ஒடம்புல பேரு எழுதறயே, உங்கூட்டுல ஒருத்தரு செத்துக் கெடந்தா அவிய மேலயும் ஏறி உக்காந்து எழுதுவியா? எறங்குங்கறன்!"

குரல் கடல் இரைச்சலைத் தாண்டியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவளோடு செக்கிங்கில் வேலை பார்க்கும் அனுப்பிரியா என்ற பெண், அக்கா யாரையோ வாங்கு வாங்கென்று வாங்குகிறாள் என்ற குஷியில் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

காக்கி உடுப்பில் ஒரு வனத்துறை அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கத்திக்காரன் அவர் ஜீப்பில் வந்தவன், அவருடைய மைத்துனன் என்பது மயிலாளுக்குத் தெரியாது.

"என்னம்மா, வந்த எடத்துல என்னத்துக்கு இப்படிச் சத்தம் போடுத? எந்த ஊரு?" என்று விரலை நீட்டினார்.

"திருப்பூருங்க. நானு சத்தந்தான் போடறனுங்க. அந்தாளு கத்தி போடறானுங்களே, அவன மொதல்ல கேளுங்க."

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையானது. அதிகாரியின் முகம் கறுத்தது.

"திருப்பூர்க்காரங்களுக்கு இங்கன என்ன சோலி? பையில என்ன வச்சிருக்கிய? காட்டு."

பை அப்போது நல்லான் கையில் இருந்தது. அக்காளின் சண்டையை விலக்க ஓடி வந்தவன் அவள் தோளிலிருந்து வாங்கி வைத்திருந்தான். அதிகாரி உள்ளே கை விட்டார். தேங்காய்த் துருவி, தீப்பெட்டி, அப்புறம் அந்தச் சாம்பல் நிறக் கட்டி. அவர் அதை மோந்து பார்த்தார். மைத்துனனிடம் ஒரு குண்டூசி வாங்கித் தீக்குச்சியில் சூடாக்கிக் கட்டியில் குத்தினார். மெழுகுதானே, உருகியது.

"அம்பர்" என்றார்.

திமிங்கலத்தின் குடலில் உண்டாகும், சூடு பட்டால் மெழுகுபோலவே உருகும் ஒரு பொருள் அது. வாசனைத் திரவியத்துக்குப் போகிறது. நம் நாட்டில் வைத்திருப்பதே குற்றம், பிடிபட்டால் சிறை. பேப்பரில் 'திமிங்கல வாந்தி' என்று போடுவார்களே, அது.

"மெழுகுங்க சார். நூலு சுத்தற மெஷின் மெழுகுங்க. அடுப்புப் பத்த வெக்கறக்குக் கொண்டாந்ததுங்க" என்று நல்லான் பத்து முறை சொன்னான். மயிலாள் பாய்ந்து அந்தக் கட்டியைப் பிடுங்கப் போனாள். யாரோ தள்ளிவிட்டார்கள். மணலில் விழுந்து எழுந்தபோது நல்லான் ஜீப்பில் இருந்தான்.

"பை என்றதுங்க! என்னைய ஏத்துங்க! அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க!"

ஜீப்பின் பின்னால் அவள் ஓடிய தூரத்தை அனுப்பிரியா இன்னமும் சொல்லுவாள். ஈர மணலில் ஓடத் தெரியாத கால்கள். விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள்.

மறுநாள் பேப்பரில் இரண்டு செய்திகள் ஒன்றுக்கடியில் ஒன்றாக வந்தன. மேலே, புன்னைமுனையில் நீலத் திமிங்கலம் கரை ஒதுங்கியது, கடற்கரையிலேயே குழி வெட்டிப் புதைக்கப்பட்டது. கீழே, இறந்த திமிங்கலத்திடமிருந்து அம்பர் எடுத்துக் கடத்த முயன்ற திருப்பூர் ஆசாமி கைது. மேஜைமேல் மெழுகுக் கட்டி. அதற்குப் பின்னால் இரண்டு காக்கிச் சட்டைகளுக்கு நடுவில், அழுது வீங்கிய முகத்தோடு நல்லான்.

தேவிப்பிரியா பேப்பரைக் கிழித்துப் போட்டாள். நாத்தனாரை அவள் 'நங்கை' என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்த உறவும் சேர்ந்து கிழிந்தது.

"உங்க வாயி நங்கை. உங்க வாயிதான் எம்புருசனக் கொண்டுபோயி உள்ள தள்ளிருச்சு. செத்த மீனுக்குப் பரிஞ்சு பேசறக்கு நீங்க யாரு?"

மயிலாள் குனிந்தாள்.  கிழிந்த பேப்பர்த் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, தன் அறையில் பாயின்மேல் ஒட்டவைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

பெருமாநல்லூரில் ராசப்பன் என்று ஒரு வக்கீல் இருந்தார். மயிலாளின் அப்பன் வேலை பார்த்த தோட்டத்துக்காரர்களின் உறவு. அவர் கடலோரக் கோர்ட்டுக்குப் போய்க் கேஸ் காகிதங்களை வாங்கி வந்து அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"எண்ணெய்த் திமிங்கலம்னு எழுதியிருக்காங்க. இந்த அம்பர் அந்த ஜாதித் திமிங்கலத்துல மட்டுந்தான் வருமாம்."

"நில்லுங்க" என்றாள் மயிலாள். "பேப்பர்ல நீலத் திமிங்கலம்னு போட்டிருந்துதுங்களே."

"ஆமா, போட்டிருந்துது."

"ஒரே ஒடம்பு. பேப்பர்ல ஒரு பேரு, கேஸுல ஒரு பேரு. எப்படிங்க? நீங்க போயிச் சித்த வெசாரிங்க, எது நெசம்னு."

வக்கீலுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். கரையில் கிடந்தது, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று நல்லான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், லேசாக முடித்து விடுவதாக அந்த அதிகாரி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நல்லான் ஒரு வாரத்தில் பத்து வயது கூடியவனாக வந்து நின்றான்.

"அக்கா, நானு கையெழுத்துப் போட்டுர்றன்."

"போடாத."

"முடியலக்கா. உள்ள எல்லாரும் எங்கடா மிச்சத்தப் பொதச்சு வெச்சிருக்கேன்னு கேக்கறாங்க. அடிக்கறாங்க."

"எடுக்காதத எடுத்தன்னு எழுதிக் குடுத்தீன்னா ஆயுசுக்கும் அது நிக்கும். போடாத சாமி."

"நீ வெளிய இருக்கற" என்றான் நல்லான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அந்த மூன்று சொல் மயிலாளுக்குக் கத்திக் கீறலாக விழுந்தது. அவனிடம் வாக்குறுதி வாங்காமல் அவள் அங்கிருந்து நகரவில்லை. அவனும் வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு அவன் கொடுத்தது மேலும் பதினாறு நாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வேனில் வந்த அத்தனை பேரையும் மயிலாள் மண்ணரைக்கு வரவழைத்தாள். வர மறுத்தவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தாள்.

"எல்லாரும் போனை எடுங்க. திமிங்கலத்தோட எடுத்த படமெல்லாம் காட்டுங்க."

நூற்றுக்கும் மேல் படங்கள் இருந்தன. எதிலும் திமிங்கலம் இல்லை. பல்லைக் காட்டும் மூஞ்சிகள், விரலில் வெற்றி முத்திரைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு கருப்புச் சுவர். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ளக் கோபம் தலைக்கேறியது. "இத்தாப் பெரிய உசுரு முன்னால நின்னும் உங்க மூஞ்சியத்தான் பாத்தீங்களா?" என்று கேட்டாள். 

கடைசியில் அனுப்பிரியா தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினாள். சண்டையை எடுத்த வீடியோ. அக்கா பார்த்தால் திட்டுவாள் என்று அதுவரை மறைத்து வைத்திருந்தாள். இருபத்திரண்டு விநாடி. மயிலாள் கத்துகிறாள். அவள் கையை வீசியபோது போனும் அந்தப் பக்கம் திரும்புகிறது. திமிங்கலத்தின் தலை, மூன்று கோடுகள். அப்புறம் பாதி திறந்த வாய், நார் வரிசை. தொண்டையின் ரிப் மடிப்பு. கடைசியில் விரலை நீட்டிக்கொண்டு அதிகாரி.

மயிலாள் அதைப் பதினைந்து முறை பார்த்தாள். அப்புறம் அனுப்பிரியாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையோடு, "இத்தனை நாளு எதுக்குடி ஒளிச்ச?" என்று அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

திமிங்கலத்தைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று அனுப்பிரியாவே இரண்டு நாள் போனில் தேடினாள். அந்தக் கடற்கரை மாவட்டத்தில் ஒரு மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனிட்டா என்ற விஞ்ஞானி இருப்பது தெரிந்தது. வீடியோவை அனுப்பியதும் ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: நேரில் வர முடியுமா?

ஜெனிட்டா கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் பெண். மயிலாளை உட்காரவைத்தார். வீடியோவைத் தொடவே இல்லை.

"நீங்க கண்ணால பாத்தத மட்டும் மொதல்ல சொல்லுங்க" என்றார்.

மயிலாள் சொன்னாள். தொண்டையில் ரிப் மடிப்பு. பல் இல்லை, நார். நிறம். நீளம் ரெண்டு வேன். தலையில் மூன்று கோடு.

"மூணா? நல்லாப் பாத்தீங்களா? நடுவுல ஒண்ணு மட்டும் இல்லையே?"

"மூணுங்க. நடுவுல ஒண்ணு, அக்கட்ட ஒண்ணு, இக்கட்ட ஒண்ணு. இருவத்தி நாலு வருசமாக் கோடு பாக்கறதுதானுங்க என்ற பொழப்பு."

ஜெனிட்டா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தார். எண்ணெய்த் திமிங்கலத்துக்குத் தலை பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும், கீழ்த்தாடை நிறையப் பல் இருக்கும். அது இல்லை. நீலத் திமிங்கலம் இதைவிட எவ்வளவோ பெரியது, அதன் தலையில் நடுவே ஒரே ஒரு புடைப்புத்தான். அதுவும் இல்லை. மூன்று புடைப்போடு, பல்லுக்குப் பதில் நார் வைத்துச் சின்ன மீன்களை வடிகட்டித் தின்னும் திமிங்கலம் ஒன்று இருக்கிறது. புரூடஸ் திமிங்கலம் என்று பெயர். நம் கடலில் அடிக்கடி ஒதுங்குவதுதான்.

"இதுக்கு அம்பர் வராதுங்களா?"

"வரவே வராது. எண்ணெய்த் திமிங்கலத்தத் தவிர அதோட குட்டிச் சொந்தக்காரங்க ஒண்ணு ரெண்டுல வரும்னு சொல்லுவாங்க. இதுல கெடையாது."

"அத அப்படியே எழுதிக் குடுங்க."

ஜெனிட்டா புத்தகத்தை மூடினார். முகம் மாறியது. தானும் அரசாங்க வேலையில் இருப்பவள், இன்னொரு இலாகாவின் கேஸில் தலையிட்டால் மேலிடத்தில் கேள்வி வரும், அனுமதி வாங்க வேண்டும், நாளாகும் என்று இழுத்தார்.

மயிலாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, இத்தன புஸ்தகம் எதுக்குங்க வெச்சிருக்கறீங்க? தெரிஞ்சவிய வாய மூடிக்கிட்டா, தெரியாதவன் எழுதுனதுதானுங்க நெசமாயிரும்? என்ற தம்பி உள்ள அடி வாங்கிட்டிருக்கறானுங்க. நீங்க அனுமதி வாங்கற வரைக்கும் அடிக்காம இருங்கன்னு அவியகிட்டச் சொல்லறீங்களா?"

வெளியே உட்கார்ந்திருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.  ஜெனிட்டா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி டைப் செய்ய ஆரம்பித்தார். இரண்டு பக்கம். வீடியோவிலிருந்து எடுத்த நான்கு படங்கள், ஒவ்வொன்றிலும் அம்புக்குறி போட்டு விளக்கம். கடைசியில் பேரும் பதவியும் எழுதிக் கையெழுத்து. கொடுக்கும்போது, "கேள்வி வந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அதோடு மயிலாள் நேராகக் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ராசப்பன் அப்படித்தான் சொன்னார். அவள் கேட்கவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றாள். வேறு வழியில்லாமல் வக்கீலும் கூடப் போனார்.

புன்னைமுனை அலுவலகத்தில் அதிகாரி கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேஜைமேல் தூக்கிப் போட்டார்.

"இன்டர்நெட்ல ஆயிரம் திமிங்கலப் படம் கெடக்கு. இது அந்தத் திமிங்கலந்தான்னு யாரு சொன்னா?"

மயிலாள் போனை எடுத்து வீடியோவின் கடைசி விநாடியில் நிறுத்தி, அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். திறந்த வாய், தொங்கும் நார். அதற்கு ஒரு முழம் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு அவரே.

"இதுல நிக்கறது யாருங்க? இதையும் இன்டர்நெட்டுல இருந்துதான் எடுத்தனுங்களா?"

அவர் போனை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உங்க மூஞ்சிக்குப் பொறத்தால அந்த வாயி தொறந்து கெடக்குதுங்க. திரும்பி ஒருக்காப் பாத்திருந்தா, பல்லு இல்லீன்னு சின்னக் கொழந்தை சொல்லியிருக்கும். நீங்க பாக்கல. நாலு பேரு சிரிச்சுப்போட்டாங்கன்னு ஒரு மனுசன ஜெயில்ல போட்டீங்க. அதுக்குத் தக்கன திமிங்கலத்துக்குப் பேரு வெச்சீங்க. எழுதறக்குக் கை கூசலீங்களா?"

"ஏம்மா, மரியாதையாப் பேசு."

"இத்தன நேரம் மரியாதையாத்தான் பேசிட்டிருக்கறனுங்க. மரியாதை இல்லாம நானு பேசினா நீங்க தாங்க மாட்டீங்க."

ராசப்பன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். வாசலுக்கு வந்ததும் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுகை வந்ததற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கோர்ட்டில், ஜெனிட்டாவின் கடிதத்தைப் படித்துவிட்டு நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எண்ணெய்த் திமிங்கலம் என்று முடிவு செய்தது யார்? உடம்பைப் பரிசோதித்த கால்நடை மருத்துவரின் அறிக்கையில் 'திமிங்கலம், பெண்' என்று மட்டுமே இருந்தது. ஜாதிப் பெயரை நிரப்பியது அதிகாரி. எதை வைத்து நிரப்பினார் என்பதற்கு அரசு வக்கீலிடம் பதில் இல்லை. இருபத்து மூன்றாம் நாள் நல்லான் ஜாமீனில் வெளியே வந்தான்.

பரிசோதனை முடிவு வர மேலும் ஏழு மாதம் ஆனது. பருத்தி இழைகள் கலந்த பாரஃபின் மெழுகு என்று ஒரே வரி. கேஸ் முடிந்தது. பேப்பரில் அந்தச் செய்தி வரவில்லை. மயிலாள் பேப்பர் ஆபீஸுக்கே போய்ச் சண்டை போட்டாள். பார்க்கிறோம் என்றார்கள். இன்றுவரை பார்க்கவில்லை. அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனதாகக் கேள்வி. தண்டனையா, வழக்கமான மாற்றலா, யாருக்கும் தெரியாது.

நல்லானைக் கம்பெனியில் திரும்பச் சேர்க்கவில்லை. கேஸ் முடியட்டும் என்றார்கள். முடிந்த பிறகு ஆள் போட்டுவிட்டோம் என்றார்கள். அவன் மண்ணரையிலேயே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில், தைப்பவர்களுக்குத் துணியை எடுத்துக் கைமடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனான். அங்கேயும் 'அம்பர் நல்லான்' என்ற பேர் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அக்காளோடு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் பதினாறு நாள் அடி மிச்சமாகியிருக்கும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொன்னான். அது உண்மையாக இருக்கலாம் என்பதுதான் மயிலாளுக்குத் தாங்கவில்லை.

அவள் கோபத்துக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. புன்னைமுனை அலுவலகப் பதிவேட்டில் அந்தத் திமிங்கலம் இன்னமும் எண்ணெய்த் திமிங்கலமாகவே இருப்பதாக ஜெனிட்டா போனில் சொன்னார். கேஸ் முடிந்தால் பதிவேடு தானாகத் திருந்தாதாம். மயிலாள் மனு எழுதச் சொல்லி அனுப்பிரியாவை உட்காரவைத்தாள். மாதம் ஒன்று. பதிவுத் தபாலில். 'பரிசீலனையில் உள்ளது' என்று இரண்டு முறை பதில் வந்தது. மற்றதற்கெல்லாம் பதிலே இல்லை.

"அக்கா, அண்ணன் வெளிய வந்தாச்சு. அது மண்ணுக்குள்ள போயாச்சு. இன்னும் எதுக்குங்க்கா?" என்றாள் அனுப்பிரியா.

"தப்பா எழுதியிருக்குது. நீ எழுது" என்றாள் மயிலாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அனுப்பிரியா உள்ளே புது மனு எழுதிக்கொண்டிருந்தாள். நல்லான் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தவன் நின்றான்.

"அந்த மீனு என்ன ஜாதின்னு சொன்னாங்க?" என்றான். இத்தனை நாளில் அவனாக அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

"அது மீனில்ல."

"செரி, என்னமோ ஒண்ணு. என்ன பேரு?"

"புரூடஸ்."

நல்லான் குடத்தை இறக்கி வைத்தான்.

"புருடாவா?"

உள்ளே அனுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லானுக்கு முதலில் மூக்கால் வந்தது சிரிப்பு, அப்புறம் அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தான். சத்தம் கேட்டுத் தேவிப்பிரியா பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மயிலாள் சிரிக்கவில்லை. "எதுக்குச் சிரிக்கற? அது பேரு அதுதான்" என்றாள் கடுகடுவென்று. உரித்த தோலை முறத்திலிருந்து ஒதுக்கித் தள்ளினாள். அப்புறம் உள்ளே திரும்பி, "ஏடி, அந்தப் பேர எழுத்து எழுத்தா நெகாவாப் பாத்து எழுது. அதுலயும் தப்பு வந்தறப் போவுது" என்றாள்.

நல்லான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவரைக்காயில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு, அவளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தான்.